டீச்சர் வீட்டு ஆந்தூரியங்கள்

வாடின செடியைப் பார்த்ததும் கை தண்ணீர்க் குவளையைத் தேடும். வீட்டுக்காரர்களுக்கும் அப்படித்தான், புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். தண்ணீர் கிடைக்காமல் தவிக்கிற செடியும், தண்ணீரில் மூழ்கித் தவிக்கிற செடியும் வெளியே பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். இரண்டும் இலையைத் தொங்கப்போடும். இரண்டும் மஞ்சளாகும். ஒன்றுக்கு ஒரு குவளை தண்ணீர் உயிரைக் கொடுக்கும். மற்றதுக்கு அதே குவளையோடு கதை முடிந்துவிடும். திருவனந்தபுரத்து வீடுகளில் நான் பார்த்த செத்த தொட்டிச் செடிகளில் பாதிக்கு மேல், பாசத்தோடு தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கொல்லப்பட்டவை.

மண் கலவை, உரம், பூச்சி மருந்து எல்லாம் உங்களுக்குச் சொல்லித் தர ஆட்கள் இருக்கிறார்கள். போன வருஷம் ஓய்வு பெற்ற என்னைக் கூப்பிட்டு, பிள்ளைகளிடம் ஏதாவது பேசுங்கள் என்றார்கள். பேச எனக்கு ஒருவரைப் பற்றித்தான் இருக்கிறது. பேர் சொல்ல மாட்டேன். சொன்னால் அவருக்குப் பிடிக்காது.

நான் அவரை மைனி என்று கூப்பிடுவேன். உறவு ஒன்றும் கிடையாது. எனக்கு ஊர் தக்கலைப் பக்கம், அவருக்குத் தோவாளைப் பக்கம். எங்கள் ஊர்களில் அண்ணன் மனைவியை அப்படிக் கூப்பிடுவோம், கொஞ்சம் மூத்த பெண்களையும் அப்படிக் கூப்பிடுவோம். நான் முன்பு ஒரு மருந்துக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவள். வண்டி ஓட்டத் தெரியும் என்ற ஒரே தகுதியில்தான் இந்த வேலையில் சேர்ந்தேன். நான் வண்டி ஓட்டுவேன், வீட்டுக்காரர்களிடம் பேசுவேன். செடியைப் பார்ப்பது மைனி. வீடு வீடாகப் போய்த் தோட்டத்தையும் தொட்டிகளையும் பராமரிக்கிற வேலையில் வருஷக்கணக்காக நாங்கள் இரண்டு பேரும் ஒரே வண்டியில் போய்வந்தோம்.

மைனிக்கு மூக்குதான் எல்லாம். தொட்டியின் அடித்துளையில் விரலை விட்டு ஒரு சிட்டிகை மண்ணைக் கிள்ளி எடுப்பார். மூக்குக்கு அருகில் கொண்டுபோவார். கண்ணை மூடமாட்டார், ஆழமாக மூச்சு இழுக்க மாட்டார். கடையில் வெண்டைக்காய் வாங்குகிறவர்கள் நுனியை ஒடித்துப் பார்ப்பார்களே, அவ்வளவு சாதாரணமாக இருக்கும். பிறகு சொல்லுவார்:

“பிள்ளே, இது தாகமில்ல. மூச்சு முட்டுது.”

வேர் அழுகத் தொடங்கினால் மண்ணில் ஒரு சாக்கடை வாடை வரும். நமக்கெல்லாம் அது நன்றாக முற்றிய பிறகுதான் தெரியும். மைனிக்கு முதல் வேர் கறுக்கும்போதே தெரிந்துவிடும்.

பட்டம் பகுதியில் ஒரு வீட்டில் படுக்கையறையில் கெட்ட வாடை வருகிறது என்று குளியலறைத் தரையையே பெயர்க்க ஆள் பேசிவிட்டார்கள். நாங்கள் வேறு வேலையாகப் போயிருந்தோம். மைனி அறைக்குள் நுழைந்து, திரைச்சீலைக்குப் பின்னால் இருந்த பீங்கான் ஜாடியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். அழகுக்காக வாங்கிய ஜாடி. அடியில் துளை இல்லை. உள்ளே செடியின் தொட்டி மாதக்கணக்கில் அழுகின தண்ணீரில் நின்றிருந்தது. தரை தப்பித்தது. வீட்டுக்குள் வைக்கிற செடிக்கு அழகான ஜாடி வாங்கினால், உள்தொட்டியைத் தூக்கி அடியில் தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள் என்று அன்றைக்கு முதல் எல்லா வீட்டிலும் சொல்ல ஆரம்பித்தோம்.

மூக்கு மட்டும் இல்லை, வீட்டுக்காரர் முகம் கோணினாலும் வேண்டாததை வேண்டாம் என்று சொல்லும் துணிவும் அவருக்கு இருந்தது. கரமனையில் ஒரு மொட்டைமாடியில் பையில் வளர்த்த கறிவேப்பிலை மழைக்காலத்தில் இலை உதிர்த்து நின்றது. அந்த அம்மா விலையுயர்ந்த உரம் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, இப்பவே போடுங்கள் என்று நின்றார். மைனி மண்ணை மணத்திப் பார்த்துவிட்டுக் கையைக் கழுவினார்.

“காய்ச்சல்ல கெடக்குறவனுக்கு பிரியாணி குடுப்பாங்களா? மொதல்ல இவனுக்கு மூச்சு விட எடம் குடுங்க.”

பையின் அடியில் துளைகள் அடைத்திருந்தன. அவற்றைக் குத்தித் திறந்து, செங்கல் மேல் தூக்கி வைத்துவிட்டு வந்தோம். உரம் போடவில்லை. அந்த அம்மா அடுத்த மாதம் எங்களைக் கூப்பிடவில்லை. அதற்கும் அடுத்த மாதம் கூப்பிட்டார், கறிவேப்பிலை துளிர்த்திருந்தது. நோயில் கிடக்கும் செடிக்கு உரம் போடாதீர்கள். வீட்டுக்காரர் எவ்வளவு வற்புறுத்தினாலும் போடாதீர்கள்.

பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டில் அடைந்து கிடந்தவர்கள் எல்லாரும் செடி வாங்கினார்கள். ஊரடங்கு தளர்ந்ததும் நமக்கு வேலை குவிந்தது. அந்தச் சமயத்தில்தான் எனக்கும் மைனிக்கும் அடுத்தடுத்துக் காய்ச்சல் வந்தது. எனக்கு இருமல் நின்றதோடு சரி. மைனியும் எழுந்து வேலைக்கு வந்தார். முன்பு போலவே மண்ணைக் கிள்ளினார், மூக்குக்குக் கொண்டுபோனார், சொன்னார். நான் வித்தியாசம் எதையும் பார்க்கவில்லை.

விழிஞ்ஞத்தில் மீன் கழிவு வாங்கி, வெல்லம் போட்டு முன்பே ஊறவைத்திருந்த மீன் அமில உரத்தை ஒருநாள் காலையில் கேனில் ஏற்றிக்கொண்டு போனோம். நன்றாகப் புளித்தால் அதில் பழ வாடை வரும். அந்தக் கேன் சரியாகப் புளிக்கவில்லை. பேட்டையைத் தாண்டும்போது மூடி தெறித்து, வண்டிக்குள் கொட்டியது. அழுகின மீன் நாற்றம் வண்டி முழுக்க அடித்தது. வண்டியை ஓரத்தில் நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்து இறங்கி ஓடினேன். ரோட்டில் போன ஸ்கூட்டர்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிப் பார்த்தார்.

மைனி உள்ளேயே உட்கார்ந்து, மடியில் இருந்த பொட்டலத்தைப் பிரித்து தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஏன் வண்டியை நிறுத்தினாய் என்பதுபோல என்னைப் பார்த்தார். அப்புறம் தன் காலடியில் ஓடுகிற தண்ணீரைப் பார்த்தார். தோசையை மடித்து மூடினார்.

மணம் தெரியவில்லையா என்று கேட்டேன்.

“சளி புடிச்சிருக்கு பிள்ளே. மாறிரும்.”

சரி என்று விட்டேன். இரண்டு பேரும் சேர்ந்து வண்டியைக் கழுவினோம். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. மூக்கு அடைத்துக்கொண்டால் திறந்துகொள்ளும் என்று நினைத்தேன். யாருக்கும் அப்படித்தானே ஆகிறது.

இனிச் சொல்லப் போவது சாஸ்தமங்கலத்தில் ஒரு வீட்டில் நடந்தது.

அந்த வீட்டு அம்மாளை எல்லாரும் டீச்சர் என்பார்கள். கல்லூரியில் தாவரவியல் கற்பித்தவர். ஓய்வு பெற்ற பிறகு ஆந்தூரியம் வளர்ப்பதே அவருக்கு வாழ்க்கை. ஒரு பூவின் மகரந்தத்தை இன்னொன்றில் தூரிகையால் தொட்டு வைத்து, விதை பழுக்கக் காத்திருந்து, நாற்று வளர்ந்து பூக்க மறுபடியும் வருஷக்கணக்காகக் காத்திருந்து, புது நிறங்கள் உண்டாக்குவார். அப்படி உண்டானதில் ஒன்று, பழுத்த சாம்பக்காயின் சிவந்த நிறத்தில், ஓரம் மட்டும் பச்சை கட்டின பூ. வேறு யாரிடமும் கிடையாது. யார் கேட்டும் பக்கக் கன்று பிரித்துக் கொடுத்ததில்லை. இன்னும் ஒரு தலைமுறை பார்க்கட்டும், அப்புறம் தருகிறேன் என்பார்.

அவருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு குழறியது. தோட்டத்துக்குப் போக முடியாதவருக்காக அவர் கணவர் ஆந்தூரியங்களை அறைக்குள் கொண்டுவந்து, கட்டிலில் இருந்து பார்க்கும்படி ஜன்னல் ஓரம் வரிசையாக வைத்தார். நாங்கள் சார் என்று கூப்பிடும் அவர் மலையாளி, நாகர்கோவிலில் பொறியாளராக வேலை பார்த்ததில் தமிழ் பேசுவார், நல்ல மனிதர், செடியைப் பற்றி ஒன்றும் தெரியாதவர். மாதம் ஒருமுறை நாங்கள் போய்ப் பார்த்தோம்.

ஒரு மாதம் போனபோது ஒன்றிரண்டு இலை மஞ்சளித்திருந்தது. மைனி மண்ணைக் கிள்ளி மூக்கில் வைத்துப் பார்த்து, அறை சூடு, தண்ணீர் போதவில்லை, கொஞ்சம் கூட்டி ஊற்றுங்கள் என்றார். சார் அப்படியே செய்தார்.

அடுத்த முறை உள்ளே நுழைந்தபோது எல்லாச் செடியும் தலை தொங்கி நின்றது. டீச்சர் கட்டிலில் இருந்தபடி இடது கையால் செடிகளைக் காட்டி, “நா... ந...” என்று திணறிக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் நின்றது.

சார் களைத்துப் போயிருந்தார். ஒரு வாரமாக இதுதான் என்றார்.

“நனைக்கான் பறயுகயாணு. செடி நனைக்கச் சொல்றா. நான் ரெண்டு நேரமும் வெள்ளம் ஊத்துறேன். ஊத்த ஊத்த அழுறா. போதலைன்னு நெனைக்கிறேன்.”

மைனி முதல் தொட்டியின் அருகில் உட்கார்ந்து மண்ணைக் கிள்ளி முகர்ந்தார். நாங்கள் இரண்டு பேரும் முகக்கவசம் போட்டிருந்தோம். அவர் அதைக் கீழே இறக்கிக்கொண்டுதான் முகர்ந்தார். அறை முழுக்க டீச்சருக்குத் தேய்க்கிற தைலத்தின் மணம். எனக்கு வேறெதுவும் தெரியவில்லை.

தாகம்தான், இன்னும் ஒரு வேளை கூட்டுங்கள் என்றார் மைனி.

டீச்சர் கையால் கட்டிலின் கம்பியை அடித்தார். ஒருமுறை, இன்னொரு முறை. சார் தண்ணீர்ச் செம்பை எடுக்கப் போனார். நான் கட்டிலருகே போய் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு, டீச்சர் முகத்துக்கு நேராகக் குனிந்து, மெதுவாகச் சொல்லச் சொன்னேன். அவர் வாயைக் கோணிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக இழுத்து, சொன்னார்.

“நா... ற்... றம்.”

நனைக்கச் சொல்லவில்லை. ஒரு வாரமாக, அந்தத் தைல மணத்துக்கு நடுவிலும், அவர் வேர் அழுகும் நாற்றத்தை முகர்ந்துகொண்டு படுத்திருக்கிறார். எழுந்து போய்த் தொட்டியைத் தொட முடியாது. சொன்னால் புரியவில்லை. சொல்லச் சொல்லக் கண் முன்னால் தண்ணீர் ஊற்றுகிறார்கள்.

எனக்கு அப்போதுதான் வண்டியும் மீன் அமிலமும் தோசையும் மனதில் வந்தன. மைனியைப் பார்க்காமல் தொட்டியைத் தூக்கினேன். கல் கனம் கனத்தது. கவிழ்த்துத் தட்டினேன். மண் சேறாகச் சரிந்து, வேர்கள் அழுகின வெங்காயத் தோல்போல உரிந்து கையோடு வந்தன. இத்தனை அருகில் எனக்கும் நாற்றம் அடித்தது. சார் செம்போடு வாசலில் நின்றுவிட்டார்.

நான் ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். வெயில், சீதோஷ்ணம், மண் கலவை என்று சொல்ல எத்தனையோ இருக்கிறது. அதற்குள் மைனி எழுந்து நின்றார்.

“சார், எனக்கு மணம் தெரியாது. காய்ச்சலோட போச்சு. போன மாசமும் தெரியாமத்தான் சொன்னேன். டீச்சரம்மைக்க செடிய கெடுத்தது நான்தான்.”

சாரைப் பார்த்துச் சொன்னார், ஆனால் டீச்சருக்குக் கேட்கிற மாதிரி சொன்னார். சார் ஒன்றும் திட்டவில்லை. செம்பைக் கீழே வைத்துவிட்டு, இப்போது என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

பொழுது சாயும்வரை வேலை செய்தோம். தொட்டிகளை முற்றத்துக்குத் தூக்கிக் கவிழ்த்து, அழுகினதை வெட்டி, கரித்துண்டும் ஓட்டுத் துண்டும் தேங்காய் மட்டைத் துண்டும் போட்டுச் சின்னத் தொட்டிகளில் வைத்தோம். வேர் குறைந்த செடிக்குப் பெரிய தொட்டி கொடுத்தால் மறுபடியும் மூழ்கும். மைனி அத்தனை செடியையும் தன் கையால் வெட்டினார். என்னிடம் கத்தியைக் கொடுக்கவில்லை. சாம்பக்காய் நிறத்துச் செடியைக் கடைசியில் எடுத்தார். அதில் ஒரு வேர்கூட மிஞ்சவில்லை. தண்டு அடிவரை பழுப்பாகியிருந்தது. அப்படியும் மேல் துண்டைச் சுத்தமாக நறுக்கி, கரித்தூள் தடவி, ஈரப் பாசியில் சுற்றி, டீச்சரிடம் கொண்டுபோய்க் காட்டினார். டீச்சர் பார்த்தார். பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மற்ற செடிகளில் பல தேறிவிட்டன. அது தேறவில்லை. கொஞ்ச நாள் பச்சையாக இருந்துவிட்டுக் கறுத்துவிட்டது. அந்த நிறத்துப் பூ இனி உலகத்தில் இல்லை. டீச்சருக்கு மறுபடி கை வந்து, அதே இரண்டு செடிகளைச் சேர்த்தாலும் அதே பூ கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

அன்றைக்கு வண்டியில் திரும்பும்போது மைனி கிழக்கேகோட்டையில் இறக்கிவிடச் சொன்னார். மறுநாள் வேலைக்கு வரவில்லை. போனை எடுக்கவில்லை. அவர் தங்கியிருந்த வீட்டில் விசாரித்தபோது, சாமான்களைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார் என்றார்கள்.

நான் உடனே போகவில்லை. வேலை இருந்தது. இரண்டு பேர் செய்த வேலையை நான் ஒருத்தியாகச் செய்தேன், அது ஒரு சாக்கு. மழை முடிந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, தம்பானூரில் பஸ் ஏறி நாகர்கோவில் போய், அங்கிருந்து தோவாளைக்குப் போனேன். பூச்சந்தைக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பிச்சி மொட்டைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மைனி நடுவில் இருந்தார். என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தார். அத்தனை பூ மணத்தில் எனக்குத் தலை கிறுகிறுத்தது. அவர் விரல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, இறுகினது ஒரு பக்கம், விரிந்தது ஒரு பக்கம்.

டாக்டரிடம் காட்டினாராம். மணம் திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றாராம். சில நாள் ஏதோ வருகிறது, வந்தாலும் காப்பியும் பூவும் சாம்பாரும் எல்லாம் ஒரே கருகின வாடைதான் என்றார்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் மொட்டைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

“சொன்னா அப்புறம் நான் யாரு? தொட்டி தூக்குற ஒருத்தி. அதுக்கு என்னவிட வயசு கொறஞ்சவங்க இருக்காங்கல்லா.”

“மைனி, ஒங்க மூக்குக்காகவா நாங்க ஒங்கள வச்சிருந்தோம்?”

“வேற எதுக்கு?”

நான் யோசித்தேன். கரமனை மொட்டைமாடியைச் சொல்லியிருக்கலாம். உரம் போட மாட்டேன் என்று கையைக் கழுவிக்கொண்டு நின்றதைச் சொல்லியிருக்கலாம். அழுகினதை எவ்வளவு தூரம் வெட்ட வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று அவர் கைக்குத் தெரிந்ததைச் சொல்லியிருக்கலாம். டீச்சர் வீட்டில், நான் பொய் சொல்லத் தயாராக நின்றபோது அவர் எழுந்து உண்மையைச் சொன்னாரே, அதையாவது சொல்லியிருக்கலாம். இத்தனை வருஷம் ஒரே வண்டியில் போனோம். இதில் ஒன்றைக்கூட நான் அவரிடம் சொன்னதே இல்லை. மைனிக்குச் சமமான மூக்கு வேறு யாருக்கும் இல்லை என்று எல்லாரிடமும் பெருமையடித்துக்கொண்டதுதான் எனக்கு வாயில் பழகியிருந்தது. மற்றது எதுவும் அந்த நேரத்தில் வாய்க்கு வரவில்லை.

அந்த மீன் தண்ணீர் கொட்டின நாளைப் பற்றி அவரே பேசினார். அடுத்த நாளும் நான் கேட்பேன் என்று எதிர்பார்த்தாராம். நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பீர்களா என்றேன். தெரியாது என்றார்.

திரும்பி வாருங்கள் என்று கூப்பிட்டேன். தொட்டியைத் தூக்கிக் கனம் பார்த்தால் போதும், கவிழ்த்து வேரைப் பார்த்தால் போதும், மூக்கு வேண்டியதில்லை, நாம் அப்படிப் பழகிக்கொள்ளலாம் என்றேன். அவர் டீச்சரின் அந்தச் செடி என்னவாயிற்று என்று கேட்டார். சொன்னேன். அதற்குப் பிறகு திரும்பி வருகிற பேச்சை அவர் எடுக்கவிடவில்லை.

இதை உங்களிடம் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. உங்களில் ஒருவருக்கு நாளைக்கு இடுப்பு போகும். ஒருவருக்குக் கண் மங்கும். பச்சைக்கும் மஞ்சளுக்கும் வித்தியாசம் தெரியாமல் போகலாம். அன்றைக்கே வந்து சொல்லுங்கள். சொன்னால் செடி தப்பிக்கும், நீங்களும் தப்பிப்பீர்கள். பக்கத்தில் இருப்பவருக்கு ஏதோ சரியில்லை என்று தோன்றினால் ஒருமுறை கேட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். சளி என்பார்கள், தூக்கமில்லை என்பார்கள். மறுநாளும் கேளுங்கள். அதைவிட முக்கியமாக, ஒருவரிடம் ஒரு திறமையை மட்டும் பாராட்டிக்கொண்டே இருக்காதீர்கள். அது போய்விட்டால் தன்னிடம் வேறொன்றும் இல்லை என்று அவர் நம்பிவிடுவார்.

மைனி பஸ் நிறுத்தம்வரை கூட வந்தார். அங்கே நிற்கும்போது, வேலை விஷயமாகக் கேட்பதுபோல, இப்போது அங்கே யார் மண்ணை மணத்திப் பார்க்கிறார்கள் என்று கேட்டார். யாரும் இல்லை, சந்தேகம் வந்தால் தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்துவிடுகிறோம் என்றேன். உண்மை அதுதான். அதைச் சொல்வதில் எனக்கு ஒரு தயக்கமும் இருக்கவில்லை.

அவர் தலையை ஆட்டினார்.

“அதான் சரி. தொடக்கத்துலயே அப்பிடித்தான் பாத்திருக்கணும்.”

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்த பிறகுதான், தன் மூக்கும் தானும் தொடக்கத்திலிருந்தே தேவைப்படவில்லை என்று அவர் சொல்லி முடித்துவிட்டார் என்பது எனக்கு உறைத்தது. ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தேன். அவர் அதற்குள் சந்தைப் பக்கம் திரும்பி நடந்துவிட்டார்.